க்ராய்டன் பழைய அரண்மனை: எலிசபெத் ராணி நிஜமாகவே இங்கே தங்கினாரா?

டிராம்_ஜன்னல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் தெற்கு லண்டனில் இருக்கிற க்ராய்டனுக்குக் குடிவந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. ரீவ்ஸ் கார்னரில் டிராமை விட்டு இறங்கி மின்ஸ்டர் தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடப்பது என் வழக்கம். தேவாலயத்தை ஒட்டியே ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. ஒரு பக்கம் கல், ஒரு பக்கம் செங்கல், கூரை ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம். ஒரே ஆள் கட்டியதாகத் தெரியவில்லை. தெருவுக்கே ஓல்ட் பேலஸ் ரோடு என்றுதான் பெயர். பெண்கள் பள்ளிக்கூடமாக இருந்தது, 2025-இல் மூடிவிட்டார்கள். இப்போது அந்தப் பக்கம் போனாலே அமைதியாக இருக்கிறது.

பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பாட்டி, "எலிசபெத் ராணி படுத்த அறை உள்ளே இருக்கிறது, நம்முடைய எலிசபெத் இல்லை, முதலாவது எலிசபெத்" என்கிறார். ஆனால் அது இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைக் குருவான கன்டர்பரி பேராயரின் மாளிகை என்று பலகையில் போட்டிருக்கிறது. எனக்கு மூன்று சந்தேகங்கள். பேராயர் வீட்டில் ராணிக்கு என்ன வேலை? எட்டாம் ஹென்றி திருச்சபைச் சொத்தையெல்லாம் வாரிக் கொண்டான் என்று படித்திருக்கிறேன், இது மட்டும் எப்படித் தப்பியது? அப்புறம், நடுவில் கொஞ்ச காலம் இது துணி வெளுக்கும் பட்டறையாக இருந்ததாம், அது உண்மையா? பெண்ணுக்குப் பள்ளியில் உள்ளூர் வரலாறு பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஈஸ்ட்ஹாம்_மணி எழுதியது:

எலிசபெத் தூங்காத வீடு இங்கிலாந்தில் எங்கே இருக்கிறது? எந்தப் பழைய சத்திரத்துக்குப் போனாலும் ஒரு கட்டிலைக் காட்டி ராணி படுத்தது என்பார்கள். அந்த அம்மா நாற்பத்து நாலு வருடம் ஆட்சி செய்தாரா, தூங்கியே கழித்தாரா என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

குரொய்டன் ஆட்களில் ஈரச்சுவர் அண்ணா இருக்கிறார், அவரைக் கூப்பிடுங்கள்.

ஈரச்சுவர் எழுதியது:

மணி, கூப்பிட்டது கேட்டது. தங்கச்சி, உங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னது சரி. மற்ற வீடுகளைப் பற்றி எனக்குத் தெரியாது, இந்த வீட்டுக்கு எலிசபெத் வந்தார், ஒரு தடவை அல்ல.

நான் சரித்திரம் படித்தவன் இல்லை. பழைய வீடுகளில் ஈரம் ஏறின சுவர்களைத் திருத்துவது என் தொழில். ஆகவே நான் சொல்வதெல்லாம் கொஞ்சம் அந்தப் பக்கம்தான் சாயும். சேர்ச் ஸ்ட்ரீட்டுக்குக் கீழே பழைய நகரப் பக்கம் வேலைக்குப் போனால் கதவைத் திறந்ததும் மணத்திலேயே விளங்கிவிடும். சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கும். பெயின்ட் கொப்பளித்து, நகத்தால் சுரண்டினால் சாந்து மாவாக உதிரும். வீட்டுக்காரர் எங்கோ குழாய் ஒழுகுகிறது என்பார். குழாய் இல்லை, நிலம். தெற்கே இருக்கிற சுண்ணாம்புக் குன்றுகளுக்குள் இறங்கின மழைத்தண்ணீர் ஊற்றாக வெளியே வருகிற பள்ளம் அது. வாண்டில் ஆறு அங்கேதான் பிறந்தது. இப்போது மூடின கால்வாய்க்குள் போகிறது, வாண்டில் பார்க்கில் மட்டும் 2012-இல் திரும்ப வெளியே எடுத்துவிட்டார்கள்.

அந்தப் பள்ளத்துக்குள்தான் பேராயர்களின் மாளிகை. ஏன் அங்கே என்றால், ஊரே அவர்களுடையது. 1086-இல் எடுத்த நிலக் கணக்கிலேயே குரொய்டன் பேராயர் லான்ஃபிராங்கின் பெயரில்தான் இருக்கிறது, ஒரு தேவாலயம், ஒரு ஆலை என்று. ஆலை ஓட்டத் தண்ணீர் வேண்டும், குளத்து மீனுக்குத் தண்ணீர் வேண்டும். லண்டனிலிருந்து குதிரையில் ஒரு பொழுதுக்குள் வந்துவிடலாம். நீங்கள் மரக்கறி வாங்கப் போகிற சரே ஸ்ட்ரீட் சந்தை இருக்கிறதே, ஒரு கிண்ணம் ஒரு பவுண்டு என்று கத்துவார்களே, அதற்கு 1276-இல் அனுமதி வாங்கிக் கொடுத்ததும் ஒரு பேராயர்தான், ராபர்ட் கில்வார்ட்பி.

இனி உங்கள் முதல் கேள்வி. கன்டர்பரிப் பேராயர் என்றால் பூசை வைக்கிறவர் மட்டும் என்று நினைக்கக்கூடாது. ராஜாவுக்கு முடி சூட்டுகிறவர், பல காலம் ராஜாவின் தலைமை மந்திரியும் அவரே. உள்ளே இருக்கிற பெரிய மண்டபத்தைப் பதினைந்தாம் நூற்றாண்டு நடுவில் திருப்பிக் கட்டினவர் ஜோன் ஸ்டாஃபர்ட். அவர் பேராயர், அதே நேரம் ஆறாம் ஹென்றியின் சான்ஸலர், அதாவது அரச முத்திரையும் நீதி விசாரணையும் கையில் உள்ள மந்திரி. ஆகவே அந்த வீட்டுக்குள் அரச காரியமும் நடக்கும், விருந்தும் நடக்கும், சிறை வைப்பதும் நடக்கும்.

சிறை என்று சும்மா சொல்லவில்லை. ஸ்கொட்லாந்தின் முதலாம் ஜேம்ஸ் 1406-இல் சின்னப் பையனாகக் கடலில் பிடிபட்டு, பதினெட்டு வருடம் இங்கிலாந்தில் கைதியாக இருந்தார். அவர் தன் கையாலேயே எழுதின ஒரு நிலப் பட்டயம் இருக்கிறது, டக்ளஸ் குடும்பத்துக்குக் கொடுத்தது. 1412 நவம்பர் கடைசி நாள், இடம் குரொய்டன் என்று போட்டிருக்கிறார். தன் நாட்டுக் காணியை எதிரி நாட்டுப் பேராயர் வீட்டில் இருந்துகொண்டு எழுதிக் கொடுத்த ராஜா!

1533-இல் இன்னொரு ஆள் வருகிறார், ஜோன் ஃபிரித், வயது முப்பதைத் தொட்டிருந்தால் அதிகம். நற்கருணை பற்றி ராஜாவுக்குப் பிடிக்காத கருத்தைச் சொன்னார் என்று விசாரணைக்கு குரொய்டன் கூட்டிவருகிறார்கள். கூட்டிவந்த காவல்காரர்களுக்கே மனம் கேட்கவில்லை. பிரிக்ஸ்டன் பக்கத்தில் காடு வருகிறது, நீ அதற்குள் ஓடிவிடு, நாங்கள் வேறு பக்கம் தேடுகிறோம் என்கிறார்கள். அவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டு, நடந்தே வந்து பேராயர் கிரான்மர் முன்னால் நின்றார். அந்த ஜூலையிலேயே ஸ்மித்ஃபீல்டில் எரித்தார்கள். பிரிக்ஸ்டன் ரோட்டில் பஸ்ஸில் நெரிசலில் நிற்கும்போதெல்லாம் எனக்கு இவருடைய நினைவு வரும். காடாம்!

எலிசபெத்துக்கு வருவோம். 1573 ஜூலையில் பேராயர் பார்க்கர் வீட்டில் ஒரு கிழமை தங்கினார், பரிவாரம் முழுதோடும். தங்கிவிட்டு அப்படியே கென்ட் பக்கம் பயணம் போனார். ராணி வருகிறார் என்றால் வீட்டுக்காரர் செலவுதான், ஆனால் உண்மையான தலையிடி அறை பிரிக்கிறவருக்கு. அந்த வருடங்களில் இந்த வீட்டில் அறை ஒதுக்கின அலுவலர் போயர் எழுதின குறிப்பு பிழைத்திருக்கிறது. வாசித்தால் நம்முடைய கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்குப் படுக்க இடம் பார்க்கிற மாமாவின் புலம்பல்தான். லெஸ்டர் பிரபு முன்னால் தங்கின இடத்திலேயே தங்கட்டும். ஆக்ஸ்ஃபோர்ட் சீமாட்டி வந்துவிட்டால் ராணிக்குப் பிடித்த ஹட்டனை எங்கே போடுவது என்று தெரியவில்லை. கேர்யூ சீமாட்டிக்குத் தனியாகப் படுக்க, புகைபோக்கி உள்ள அறை ஒன்றும் மிச்சம் இல்லை. இந்த வீட்டில் என்னால் முடிந்தது இவ்வளவுதான்.

புகைபோக்கியைக் கவனியுங்கள். கோடையிலும் அந்த வீட்டில் நெருப்பு இல்லாத அறையில் ஒரு சீமாட்டியைப் படுக்க வைக்க முடியாது. அவ்வளவு ஈரம். நான் இதைச் சொன்னால் மனைவி, நீங்கள் எதையும் சுவரில்தான் கொண்டுபோய் முடிப்பீர்கள் என்பார்.

ராணியின் அன்பும் இங்கே இருந்தது, கோபமும் இருந்தது. பார்க்கருக்கு அடுத்து வந்த கிரின்டலிடம், குருமார் கூடி வேதம் விளக்கிப் பேசுகிற கூட்டங்களை நிறுத்து என்று எலிசபெத் உத்தரவு போட்டார். அவர் 1576 டிசம்பரில் ராணிக்கு நீளமான கடிதம் எழுதினார். கடவுளின் மகிமையைப் புண்படுத்துவதை விட உங்கள் மகிமையைப் புண்படுத்துவது மேல் என்கிற தொனியில். அவ்வளவுதான், பதவி இருந்தது, அதிகாரம் போய்விட்டது. கண்பார்வை போய் 1583-இல் குரொய்டனிலேயே இறந்தார். பக்கத்துத் தேவாலயத்தில்தான் புதைத்தார்கள். அவருக்குப் பின்னால் வந்த விட்கிஃப்ட் நேர்மாறு. ராணிக்குச் செல்லம். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, கறுப்பு அங்கி போடுவார், ராணி அவரை "என் குட்டிக் கறுப்புப் புருஷன்" என்று அழைப்பாராம். 1603-இல் ராணி சாகும்போது பக்கத்தில் இருந்து ஜெபித்தவரும் அவர், பிறகு அடுத்த ராஜா ஜேம்ஸுக்கு முடி சூட்டினவரும் அவர். ஜோர்ஜ் ஸ்ட்ரீட் முனையில் டிராம் திரும்புகிற இடத்தில் ஒரு பழைய செங்கல் முதியோர் இல்லம் பார்த்திருப்பீர்கள், அது அவர் கட்டினது, 1599-இல் முடிந்தது.

இரண்டாவது கேள்விக்கு, ஹென்றியிடமிருந்து இது எப்படித் தப்பியது என்பதற்கு, என் பதில் ஒரே சொல்: ஈரம். கென்ட் பக்கத்துக் கதையை செவனோக்ஸ்_குமார் நன்றாகச் சொல்வார். அவர் சொல்லட்டும், மிச்சத்தை நான் பிறகு எழுதுகிறேன்.

செவனோக்ஸ்_குமார் எழுதியது:

அண்ணா சொல்லிவிட்டார், இனி நான் சொல்லாமல் போக முடியாது.

கென்ட்டில் பேராயர்களுக்குச் சில மைல் இடைவெளியில் இரண்டு மாளிகைகள் இருந்தன. ஒன்று மேட்டில், நோல். 1456-இல் பேராயர் பௌர்ச்சியர் வாங்கிக் கட்டியது. இன்னொன்று பள்ளத்தில், ஆட்ஃபோர்ட். நோல் கையில் இருக்கும்போதே பேராயர் வார்ஹாம் ஆட்ஃபோர்டை இடித்து இன்னும் பெரிதாகக் கட்டினார். 1520-இல் பிரான்ஸ் ராஜாவைச் சந்திக்கக் கடல் தாண்டப் போன எட்டாம் ஹென்றி, வழியில் பரிவாரத்தோடு ஆட்ஃபோர்டில் தங்கினார். பேராயர் வீடு இவ்வளவு பெரியதா என்று அப்போதே கண் வைத்திருப்பார் என்பது என் ஊகம்.

1537-இல் கிரான்மரிடம் இரண்டையும் கேட்டார். ராஜா கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். அந்தப் பேச்சைக் கிரான்மரின் செயலாளர் மோரிஸ் பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார். நோலையாவது காப்பாற்றிக் கொள்ளலாம் என்று கிரான்மர், அது மாட்சிமை தங்கிய உங்களுக்கு ரொம்பச் சிறிசு என்கிறார். ராஜா விடவில்லை. ஆட்ஃபோர்ட் பள்ளத்தில் கிடக்கிறது, குரொய்டனைப் போலவே அங்கும் சளி பிடிக்கும், குரொய்டனில் நான் நோய் இல்லாமல் இருந்ததே கிடையாது, நோல் நல்ல மண். ஆகவே இரண்டையும் கொடு, நான் நோலில் இருக்கிறேன், என் ஆட்கள் பெரும்பாலும் ஆட்ஃபோர்டில் இருக்கட்டும் என்றாராம். கட்டியவன் ஒருவன், அனுபவிப்பவன் ஒருவன்.

பிற்பாடு நோல் சாக்வில் குடும்பத்துக்குப் போனது. 1946-லிருந்து பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் இருக்கிறது, குடும்பம் இன்னும் ஒரு பகுதியில் குடியிருக்கிறது. ஆட்ஃபோர்டில் ஒரு கோபுரமும் கொஞ்சம் சுவரும்தான் மிச்சம், அதிலும் ஒரு துண்டைச் சிறு வீடுகளாக மாற்றிவிட்டார்கள்.

ஒன்று மட்டும். ஈரம் ஒன்றுதான் குரொய்டனைக் காப்பாற்றியது என்று நான் முழுதாகச் சொல்ல மாட்டேன். பேராயர் தெருவிலா நிற்பார்? லண்டனில் உள்ள லாம்பெத் மாளிகையும் குரொய்டனும் ஆவது அவர் கையில் இருக்க வேண்டாமா?

டிராம்_ஜன்னல் எழுதியது:

நன்றி குமார், நன்றி அண்ணா. பெண் உட்கார்ந்து குறிப்பு எடுக்கிறாள். ஃபிரித் கதையைக் கேட்டுவிட்டு ஏன் ஓடவில்லை என்று என்னிடம் சண்டை. நான் என்ன பதில் சொல்ல.

ஆனால் மூன்றாவது கேள்வி பாக்கி. ராணி தங்கிய வீடு எப்படித் துணி வெளுக்கும் இடம் ஆனது?

ஈரச்சுவர் எழுதியது:

குமார் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் எனக்குப் பிடிக்கவில்லை என்று ராஜாவே வாயால் சொன்ன பிறகு வேறு சாட்சி எதற்கு என்பது என் கட்சி.

சரி, மூன்றாவது. ராஜாவுக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் நடந்து, ராஜா பக்கம் நின்ற பேராயர் லோட்டை 1645 ஜனவரியில் தலை வெட்டின காலத்தில், வீடு பாராளுமன்றப் படைத்தளபதி வில்லியம் பிரிரட்டன் கைக்குப் போனது. அவரைப் பிடிக்காத ஒருவர் அப்போது அச்சடித்த துண்டுப்பிரசுரத்தில், பெரிய பல்லும் பெரிய வயிறும் உள்ள ஆள், பேராயரின் சிற்றாலயத்தைக் குசினியாக்கிவிட்டார் என்று எழுதியிருக்கிறார். எதிரி எழுதினது, பாதியைக் கழித்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். 1660-இல் ராஜா ஆட்சி திரும்பி வந்ததும் பேராயரான ஜக்ஸன் வீட்டைத் திருத்தினார். அந்தப் போரில் தோற்ற ராஜா முதலாம் சார்ல்ஸைக் கொல்லும்போது மேடையில் பக்கத்தில் நின்றவர் இவர்தான். உள்ளே சிற்றாலய இருக்கைகளில் லோட்டின் சின்னமும் ஜக்ஸனின் சின்னமும் செதுக்கியிருக்கிறது. பள்ளி நடந்த காலத்தில் விடுமுறை நாட்களில் தன்னார்வலர்கள் கூட்டிப்போய்க் காட்டுவார்கள், அப்படித்தான் நானும் பார்த்தேன். மற்றவர்கள் கூரை மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் குனிந்து சுவர் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் பதினெட்டாம் நூற்றாண்டு. பேராயர் ஹெரிங் காசு போட்டுத் திருத்தி, விரும்பிக் குடியிருந்து, 1757-இல் அங்கேயே இறந்தார். அடுத்தவர் ஹட்டன், ராணியின் ஹட்டன் இல்லை, மத்தேயு ஹட்டன், 1758-இல் இறந்தார். அதற்குப் பிறகு வந்த எந்தப் பேராயரும் அங்கே குடியிருக்கவில்லை. இடம் தாழ்வு, உடம்புக்கு ஆகாது என்றார்கள். ஹென்றி சொன்ன அதே முறைப்பாடு! ஆள் இல்லாத வீடு ஈரத்தில் எவ்வளவு சீக்கிரம் போகும் என்று எனக்குத் தெரியும். ஒரு குளிர்காலம் நெருப்பு மூட்டாமல் விட்டால் போதும். கடைசியில் பாராளுமன்றத்தில் சட்டம் போட்டு 1780-இல் விற்றார்கள். வாங்கினவர் ஏபிரகாம் பிட்சஸ், விலை 2,520 பவுண்டு. பேராயர்களுக்கு 1807-இல் அடிங்டனில், மேட்டில், வேறு வீடு வாங்கினார்கள்.

பிட்சஸ் காலத்திலும் பின்னாலும் அங்கே சீட்டித் துணி அச்சடித்தார்கள், வெளுத்தார்கள். பேராயர்களுக்கு ஆகாத தண்ணீர் இந்தத் தொழிலுக்கு நல்ல தண்ணீர். வாண்டில் கரை முழுவதும், மிட்சம், மெர்ட்டன் ஊர்கள் வரை, இதே தொழில்தான். துணியை நனைத்து, புல்வெளியில் விரித்து, வெயிலில் வெளுத்து, திரும்ப அலச வேண்டும். ஓடுகிற சுத்தமான தண்ணீர் இல்லாமல் நடக்காது.

இதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து போன பூப்போட்ட சீட்டித் துணிக்கு இங்கிலாந்துப் பெண்கள் பைத்தியமாகிவிட்டார்கள். கம்பளி, பட்டு நெசவாளர்கள் கலகம் பண்ணினார்கள். இந்திய அச்சுத் துணியை இறக்குமதி செய்து உடுக்கக்கூடாது என்று 1700-இல் சட்டம், போதவில்லை என்று 1721-இல் இன்னும் கடுமையான சட்டம். உள்ளூரில் நெய்த பருத்தித் துணியில் அச்சடிக்கலாம் என்று 1774-இல் தளர்த்தினார்கள். ஆறு வருடத்தில் இந்த மாளிகை விலைக்கு வருகிறது. மசூலிப்பட்டினத்தில் கையால் வரைந்ததைப் பார்த்துப் படித்த தொழிலைத்தான், ராணி நடந்த முற்றத்தில் செய்தார்கள். மகளின் கட்டுரையில் இதைக் கட்டாயம் போடச் சொல்லுங்கள், வகுப்பில் வேறு யாரும் எழுத மாட்டார்கள்.

கட்டடம் அந்தக் காலத்தில் நன்றாக அடிபட்டது. பெரிய மண்டபத்தின் கிழக்குச் சுவர் 1830-இல் விழுந்தே போனது. 1887-இல் நியூகாசில் கோமகன் வாங்கி ஒரு கன்னியர் சபைக்குக் கொடுத்தார், அவர்கள் 1889-இல் பள்ளியைத் தொடங்கினார்கள். நூற்று முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். என்னைக் கேட்டால், அந்தக் கட்டடத்தை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டது பேராயர்களை விடப் பள்ளிக்கூடம்தான். தினமும் ஆள் நடமாட்டம், குளிர்காலத்தில் சூடு, ஓடு நகர்ந்தால் உடனே கவனிக்க ஒருவர். பழைய சுவருக்கு இதைவிட மருந்து கிடையாது. பூட்டினது எனக்குக் கவலை.

மகளோடு மின்ஸ்டருக்குள் போங்கள். ஆறு பேராயர்களை அங்கே அடக்கம் செய்திருக்கிறார்கள். 1867 ஜனவரியில் தேவாலயம் எரிந்துபோய், கில்பர்ட் ஸ்கொட் 1870-இல் திரும்பக் கட்டினார், கல்லறைகளும் அந்தத் தீயில் நொறுங்கித்தான் போயின. விட்கிஃப்டின் கல்லறையைப் பிறகு திருத்தி வைத்திருக்கிறார்கள். ஷெல்டன் என்கிற பேராயரின் கல்லறையில் மண்டை ஓடும் எலும்புமாகச் சலவைக்கல்லில் செதுக்கியிருக்கும். பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும்.

ஈஸ்ட்ஹாம்_மணி எழுதியது:

எல்லாம் சரி அண்ணா. படுக்க இடம் இல்லாமல் நின்ற அந்த ஹட்டன் கதி என்ன ஆயிற்று?

ஈரச்சுவர் எழுதியது:

கிறிஸ்டோபர் ஹட்டனா? நடனம் ஆடித்தான் ராணியின் கண்ணில் பட்டார் என்று ஊர் பேசும். 1587 ஏப்ரலில் எலிசபெத் அதே வீட்டு மாடத்தில் வைத்து அரச முத்திரையை அவர் கையில் கொடுத்து, நாட்டின் சான்ஸலர் ஆக்கினார். சட்டத்தரணிகளுக்குக் கடும் கோபம், நடனக்காரனுக்குச் சட்டம் என்ன தெரியும் என்று. அதற்குப் பிறகு குரொய்டனில் ஹட்டனுக்கு அறை தேடி யாரும் அலைந்திருக்க மாட்டார்கள்.